குமரப்பாவின் கணக்கு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் ராஜபாட்டையில் ஒரகடத்தைக் கடப்போர், இருமருங்கும் எழுந்து நிற்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளைக் கண்டு வியவாதிரார். அநேக குடும்பங்களுக்கு ஜீவனமளிக்கும் அத்தொழிலை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், அப்பாட்டை சென்று முடியும் வாலாஜாபாத்தை அடுத்துப் பாலாறு கிடக்கிறது. கட்டடங்களுக்கென அதன் படுகையிலிருந்து அள்ளிச் சென்ற மணலை எந்தப் பேரேட்டில் செலவு எழுதினோம்? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுதும் கேட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா.

1892-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். லண்டனில் கணக்குப் பரிசோதனை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். 1927-ல் அமெரிக்கா சென்று, கொலம்பியா ஸர்வகலாசாலையில் இந்தியாவின் ராஜாங்க வரவு செலவுகளை ஆராயப் புகுந்தார். நம் வறுமைக்கு வேர் அந்நிய ஆட்சியின் சுரண்டலே என்பது அங்கே அவருக்குத் தெளிவாயிற்று. 1929-ல் ஸபர்மதியில் காந்தியடிகளைக் கண்டார். கொர்னீலியஸ் என்ற பெயரும் மேனாட்டு உடையும் ஒருங்கே நீங்கின. குஜராத்தின் மாத்தர் தாலூகாவில் கிராமம் கிராமமாகச் சென்று, ஜனங்களின் வரவு செலவை ஆராய்ந்து எழுதினார். கணக்கர் கண்ணே அவருக்கு ஆயுதமாயிற்று.

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதன் காரியதரிசியாகி, வார்தாவின் மகன்வாடியில் அவர் அமர்ந்தார். அவ்விடம் உபதேச மண்டபமன்று, பரிசோதனைச் சாலை. எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, புகையில்லா அடுப்பு ஆகிய யாவும் அங்கே ஆராயப்பட்டன.

மகன் தீபம் என்ற விளக்கு ஒன்றே அவர் முறையை விளக்கப் போதும். மண்ணெண்ணெய் நிலத்தடியில் எடுக்க எடுக்கக் குறைவது. அதற்குக் கொடுக்கும் காசும் கிராமத்தை விட்டுப் போய்விடும். எள்ளும் கடலையும் ஆண்டுதோறும் விளைபவை. ஆனால் அவற்றின் எண்ணெய் தடிப்பானது; மண்ணெண்ணெய்போல் திரியில் உயர ஏறாது. ஆகவே தாவர எண்ணெயில் எரியும்படி லாந்தரின் அமைப்பே மாற்றப்பட்டது. விளக்குக்கேற்ற எண்ணெயைத் தேடாமல், நிலத்தில் விளையும் எண்ணெய்க்கேற்ற விளக்கைச் செய்ததே அதன் சிறப்பு.

1942 இயக்கத்தில் சிறைப்பட்ட காலத்தில் இக்கருத்தை அவர் ஒரு நூலாக வகுத்தார். நிலைபேறுள்ள பொருளாதாரத்தைப் பற்றிய அந்நூல் 1945-ல் வெளிவந்தது. நிலக்கரியும் எண்ணெயும் தேக்கிவைத்த சொத்து. எடுத்தால் தீரும், தீர்வதைப் பற்றிப் போரும் மூளும். மரமும் பயிரும் ஓடும் நீரையொத்த வருமானம். அளவறிந்து கொண்டால் குறைவில்லை. முதலை உண்டுவிட்டு அதை லாபமென எழுதுவது எந்தக் கணக்கனுக்கும் அடாது என்பதே அவர் வாதத்தின் ஸாரம்.

யந்திரமே கூடாதென்பது அவர் கட்சியன்று. மனிதன் யந்திரத்தை ஆளவேண்டும் என்பதே அவர் கோரியது. சுதந்தர இந்தியாவோ வேறு வழி சென்றது. பெருந்தொழில்களும் வேண்டியிருந்தன என்பதை நாமும் மறுப்பதற்கில்லை. குமரப்பா வழக்கில் தோற்றார் எனலாம்; அவர் எழுப்பிய வினாவோ இன்னும் விடையின்றி நிற்கிறது.

மதுரை ஜில்லா கல்லுப்பட்டியிலுள்ள காந்திநிகேதன் ஆசிரமத்தில் இறுதி நாட்களைக் கழித்த அவர், 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தினத்தில் காலமானார்.

இன்று ஒரகடத்தில் வண்டி வார்ப்போரும், அதை வரைந்து வகுக்கும் இளைஞரும் அவரைப் போல் ராட்டை சுற்றவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. செய்யும் பொருள் எங்கிருந்து வந்தது, தேய்ந்தபின் எங்கே போகும், அதற்காக இழந்தவர் யார் என்ற மூன்று வரிகளையும் விலையோடு சேர்த்து எழுதட்டும். எழுதாதவரையில், பாலாற்றின் பாக்கி நம் பெயரிலேயே நிற்கும்.