சமிபாட்டைத் தமிழிற் சொன்ன மருத்துவர் கிறீன்

வட்டக்கச்சி நெல்லால் வாழும் ஊர். இரணைமடு நீர் பாயும் வயல்களை அடுத்து நாம் தமிழ் கற்பிக்குங் காலத்தில், உண்ட சோறு குருதியோடு சேர்வது எங்ஙனம் என மாணவன் ஒருவன் எம்மை வினவினான். விஞ்ஞான ஆசிரியரிடம் அவனை அனுப்பினோமாயினும், அவ்வினாவுக்குத் தமிழில் விடைபெற வழி திறந்தவர் யாவர் என்னும் எண்ணம் எம்மை விட்டகலவில்லை. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் வரலாற்றை இம்மலருக்கு எழுதத் தூண்டியது அதுவே.

அமெரிக்க நாட்டு வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள் கிறீன் பிறந்தார். அதே ஆண்டு யூன் மாதம் மக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் இளைஞன் துப்பாக்கிச் சூடுபட்டு, இரைப்பையில் மூடாத துவாரத்தோடு உயிர் தப்பினான். வில்லியம் போமொன்ற் என்னும் படைமருத்துவர் அத்துவாரத்தினூடே உணவை நூலிற் கட்டி இறக்கி, அது கரையும் வகையை ஆராய்ந்தார். இரைப்பை வெறும் அம்மியன்று, அமிலச் சாற்றால் உணவைக் கரைக்குங் கலமுமாம் என்பதை 1833இல் வெளிவந்த அவர் நூல் நிலைநாட்டிற்று. பிறப்பும் காயமுமாகிய இவ்விரண்டும் பின்னர் ஒரு தமிழ் நூலிற் சந்தித்தன.

1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், மானிப்பாயில் வைத்தியஞ் செய்துகொண்டே இளைஞர்க்கு மருத்துவமுங் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரைவிட்டு நீங்கினர். கிராமத்து நோயாளர்க்கு ஆளில்லை. ஆதலின் 1864இல் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். மாணவருட் பலர் அதை விரும்பவில்லை. ஆங்கிலமின்றேல் உத்தியோகமில்லையென்ற அவர்தம் அச்சத்தை நாம் எளிதிற் குறைகூறோம். இன்றும் பெற்றோர் பலரிடம் அவ்வச்சமுண்டு. கிறீன் இணங்கவில்லை.

நூலின்றிப் பாடமில்லை. ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழை நாடுவதும், அங்கில்லையேல் வடமொழியை நாடுவதும், இரண்டுமில்லாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கமைத்தலும் அவர் வழக்கம். கெமிஸ்தம் என்னும் பெயர் தமிழாசிரியராகிய எம் செவிக்கு இனிக்கவில்லையென்பதை மறைப்பானேன்? எனினும், சொற்குற்றம் பார்த்திருந்தால் நூல் பிறந்திராது.

1873இல் தாயகஞ் சென்றபின்னும் பணி ஓயவில்லை. டோல்ற்றன் என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் உடற்றொழில் நூல் ‘மனுஷ சுகரணம்’ என 1883இல் தமிழாயிற்று. போமொன்றின் சோதனைகளை எடுத்தாண்ட நூல் அது. சுகரணத்தை இன்று உடற்றொழிலியல் என்கிறோம்.

அம்மாணவனுக்கு விடை இதுவே: சோற்றின் மாப்பொருளை வாயில் உமிழ்நீர் வெல்லமாக்கத் தொடங்கும். மீனிலும் பருப்பிலுமுள்ள புரதம் இரைப்பையிற் சிதையத் தொடங்கும். ஏறக்குறைய 6 மீற்றர் நீளமான சிறுகுடலிற் சதையிச் சாறு எஞ்சியவற்றைச் சிதைக்க, பித்தம் கொழுப்பை நுண்துளிகளாக்கும். அங்குள்ள சடைமுளைகள் வெல்லத்தையும் அமினோ அமிலங்களையும் உறிஞ்சிக் குருதியிற் சேர்க்க, அவை முதலில் ஈரலை அடையும். கொழுப்போ பாற்கலன் வழியே நிணநீரிற் கலந்து, சுற்றிவந்தே குருதியைச் சேரும்.

மனுஷ சுகரணம் வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே 28இல், கிறீன் வூஸ்ரரிற் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்க வேண்டுமென்று அவர் விரும்பியிருந்தார், அவ்வாறே பொறித்தனர்.