இராமாநுஜனும் எண்ணின் நுட்பமும்

சோழநாட்டிலே, காவிரியும் அரசலாறும் இருபுறமுஞ் சூழ நெல்வயல்களின் நடுவே விளங்குவது கும்பகோணம். அந்நகரின் சாரங்கபாணி சந்நிதித் தெருவிலே, ஜவுளிக்கடைக் குமாஸ்தா ஒருவரின் மைந்தராய் வளர்ந்தவர் சீநிவாச இராமாநுஜன். பிறந்தது 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-இல், பாட்டனார் இல்லமிருந்த ஈரோட்டில். காகிதம் வாங்கப் பொருளின்மையாற் சிலேட்டிலே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார். இடைப்படிகள் மறைந்தன. ஆங்கிலத்தில் தேறாது உபகாரச் சம்பளத்தை இழந்ததும், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதியதும் யாவரும் அறிந்தனவே, அவற்றை விரியோம்.

1913-இல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்திலே, பகா எண்களின் தொகையைக் காட்டும் விதியொன்றும் இருந்தது. சிற்றெண்களுக்கு அது வியக்குமாறு பொருந்திற்று. ஆயினும் பிழை அவர் கருதியவாறு சிறிதாய் நில்லாது. எண் பெருகப் பிழையும் வளரும். நாலிடத்துச் சரியாய் வந்ததை எங்குஞ் சரியென நம்பி இடர்ப்படுதல் நம்மனோர்க்கும் வழக்கமன்றோ!

1914-இல் கடல் கடந்து சென்றவர், ஹார்டியோடு கூடி 1918-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே அக்குறை தீர்ந்தது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டற்பகுதிகளாய்ப் பிரிக்கலாம் என்பது கேள்வி. 4-ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐயோ? மக்மேஹன் என்பார் படிப்படியாகக் கூட்டியுங் கழித்தும் 39,72,99,90,29,388 என்று கண்டார். இவ்விருவர் தொடரோ, பை, வர்க்கமூலம், கொசைன் முதலிய முடிவிலாத் தசமங்களால் ஆயது. அதன் முதலுறுப்பு மட்டும் 36,000-க்கு மேற் குறைந்தது. எட்டு உறுப்புக்களைக் கூட்டவோ அவ்வெண்ணே வந்தது; மிகுதி .004 மாத்திரம்! விடை முழு எண்ணாதலின், பிழை அரைக்குட்பட்டாற் போதும். ஆனால் முதலுறுப்பில் இலட்சங்கோடியில் ஒரு பங்கு தவறினும் விடை 4 பிசகும். ஏழிலக்கமே கொள்ளும் எண்வகையைக் கணிப்பொறிக்குக் கொடுத்து இதைச் செய்வோர் ஏமாறுவர்.

அவ்வாண்டே கொசைன்களின் கூட்டுத்தொகை ஒன்றையும் ஆராய்ந்தார். உறுப்புக்கள் தசமமாயினும் தொகை என்றும் முழு எண்ணே. பூரியர் பகுப்பைப் போல அலைகளின் காலவளவைத் தேடும் பொறியியலார் இன்று இதனைக் கையாளுகின்றனர். தசமத்தைத் துணிப்பதால் வரும் பிழை இத்தொகையிற் புகுவதில்லை.

1919-இல் நோயுடன் திரும்பி, கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கி, 1920 ஏப்ரல் 26-இல் சென்னையிலே 32-ஆம் வயதில் மறைந்தார். இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றிலே கண்டெடுக்கப்பெற்றன. அவற்றிலும் பெரும்பாலும் முடிவுகளே உள்ளன.