முட்டைக்குள் துடித்த இதயம்

கரப்பான் பூச்சியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கும்போது ‘மால்பிஜியன் குழல்கள்’ என்று நாம் எழுதுகிறோம். அப்பெயருக்கு உரியவர் இத்தாலி நாட்டு மருத்துவ மேதை மார்செல்லோ மால்பிஜி ஆவார்.

அவர் 1628ஆம் ஆண்டு பொலோனா நகருக்கு அருகிலுள்ள கிரெவால்கோரே என்னும் ஊரில் பிறந்தார். இதயமே இரத்தத்தை உடலெங்கும் சுற்றிவரச் செய்கிறது என்று விளக்கும் நூலை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். மால்பிஜி 21 வயதில் தாய், தந்தை இருவரையும் இழந்தார். குடும்பப் பொறுப்பால் படிப்பு தடைப்பட்டது. எனினும் அவர் மனம் தளராமல் பயின்று 1653இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியே செல்கிறது என்பதை ஹார்வியால் காண இயலவில்லை. 1661இல் மால்பிஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, மெல்லிய தந்துகிகளே அவ்வழி என்று காட்டினார்.

பின்னர் அவர் கோழி முட்டையை ஆராயத் தொடங்கினார். முட்டைக்குள் சிவந்த புள்ளியொன்று துடிப்பதை அரிஸ்டாட்டில் அந்நாளிலேயே வெறுங்கண்ணால் கண்டிருந்தார். மால்பிஜியோ அடைகாத்த முட்டைகளைக் குறிப்பிட்ட மணி இடைவெளிகளில் உடைத்து, கருவை மஞ்சள் கருவினின்று மெல்லப் பிரித்துக் கண்ணாடியில் விரித்து நோக்கினார். இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கும் இதயம், வளைந்த குழாய்போல் இருப்பதைக் கண்டு வரைந்தார். அந்த ஆய்வை லண்டன் ராயல் சங்கம் 1673இல் வெளியிட்டது.

அடைகாக்காத முட்டையொன்றிலும் கருவின் உருவம் தெரிந்ததாக அவர் எழுதினார். ஆகவே உயிரின் உருவம் முதலிலேயே முட்டைக்குள் அமைந்துவிடுகிறது என்று பலர் நம்பினர். ஆனால் அதைக் கண்டது கடும் வெப்பம் நிலவிய ஆகஸ்டு மாதம் என்பதையும் அவர் மறைக்காமல் குறித்திருந்தார். அந்த வெப்பமே கருவைச் சற்று வளரச் செய்திருக்கும் என்று பிற்கால அறிஞர் விளக்கினர். பம்மலின் கத்திரி வெயிலை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்! உறுப்புகள் படிப்படியாகவே உருவாகின்றன என்பதை 1759இல் வோல்ஃப் என்னும் ஜெர்மானியர் எடுத்துரைத்தார்.

1684இல் மால்பிஜியின் வீட்டில் தீப்பற்றி, கையெழுத்துப் படிகளும் நுண்ணோக்கிகளும் அழிந்தன. அப்போதும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1691இல் பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னசென்ட் அவரைத் தம் மருத்துவராக ரோமாபுரிக்கு அழைத்தார். அங்கேயே 1694 நவம்பரில் அவர் காலமானார்.

மால்பிஜி கருவின் இதயத்தைக் காண முட்டையை உடைக்க வேண்டியிருந்தது. அத்துடன் அவ்வுயிரும் முடிந்தது. இன்றோ, நம் நாட்டு ஆறுகளுக்கு உரிய வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் கூடியதால், அதை அறுக்காமலே மெல்லிய ஒளித்தகட்டைச் செலுத்தித் துடிக்கும் இதயத்தைப் படமெடுக்கிறார்கள். கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் படமெடுக்கும் ஒளிமுறையும் கோழிக்கருவின் இதயத்தைக் காண உதவுகிறது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயக் குறை உள்ளது. அக்குறை எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிய இவ்வாராய்ச்சிகள் துணைபுரிகின்றன.

செய்முறைப் பதிவேட்டில் எழுதும்போது, விடையோடு அதைக் கண்ட சூழ்நிலையையும் உள்ளபடி எழுதப் பழகுவோம். நம் முடிவு தவறானாலும், உண்மையான குறிப்பு பின்வருவோருக்கு வழிகாட்டும் என்பதே மால்பிஜியின் வாழ்வு மாணவியராகிய நமக்குத் தரும் பாடம்.