சக்கரபாணியும் அம்புலிமாமாவும்: மாயக்கதை இதழ்வணிகமான வரலாறு

ஆலூரி வெங்கட சுப்பாராவ் என்னும் இயற்பெயர் கொண்ட சக்கரபாணி (1908–1975) தெனாலியில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தவர். திரைப்பட வரலாற்றில் தயாரிப்பாளராகவும் கதையாசிரியராகவும் அறியப்படும் இவர், மாயக்கதையை மாதந்தோறும் விற்பனைக்கு வரும் இலக்கிய வகையாக நிலைநிறுத்திய பதிப்பாளராகவும் மதிப்பிடத்தக்கவர்.

இளமையில் இந்தி பயின்ற சக்கரபாணிக்கு அப்புனைபெயரைச் சூட்டியவர் அவருடைய இந்தி ஆசிரியரே. காசநோய்க்காக மதனப்பள்ளி மருத்துவமனையில் தங்கியிருந்த காலத்தில் வங்கமொழியைக் கற்ற அவர், பின்னர்ச் சரத்சந்திரரின் புதினங்களைத் தெலுங்கில் பெயர்த்தார். ஒரு மொழியின் கதையைப் பிறமொழி வாசகருக்கு உரியதாக்கும் இப்பயிற்சியே அவருடைய பிற்காலப் பதிப்புப் பணிக்கு அடித்தளமாயிற்று. திரைப்பட எழுத்துப் பணிக்காகச் சென்னைக்கு வந்த அவர், அச்சகம் நடத்திவந்த பி. நாகிரெட்டியுடன் இணைந்தார். இவ்விருவரின் முயற்சியால் 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவும் தமிழில் அம்புலிமாமாவும் வெளிவந்தன.

மாயக்கதை தமிழருக்குப் புதிதன்று. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாக ஏற்கெனவே மக்களிடையே பரவியிருந்தன. அவை ஒருமுறை வாங்கிப் பலமுறை படிக்கப்படும் நூல்கள். மாத இதழுக்கோ ஒவ்வொரு மாதமும் புதிய கதை தேவை. இத்தேவையே வகைமையின் வடிவத்தைத் தீர்மானித்தது. இருபத்தைந்து கதைகளோடு முடியும் வேதாளக் கதைமரபின் சட்டகம் மட்டும் கொள்ளப்பட்டு, அதனுள் புதிய கதைகள் தொடர்ந்து இயற்றப்பட்டன. முடிவற்ற வரிசை ஒன்று இவ்வாறு உருவாயிற்று. தாசரி சுப்பிரமணியம் எழுதிய மாயத் தொடர்கதைகள் அடுத்த இதழுக்காக வாசகரைக் காத்திருக்கச் செய்தன. சித்ரா, சங்கர் முதலிய ஓவியர்களின் படங்கள் கதைக்கு அணியாக அமைந்ததோடு, இதழை ஒரே பார்வையில் இனங்காட்டும் முத்திரையாகவும் விளங்கின.

திரைத்துறையிலும் இதே போக்கினைக் காணலாம். நாகிரெட்டியும் சக்கரபாணியும் தயாரித்த பாதாள பைரவி 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. மந்திரவாதி, இளவரசி, துணிவுள்ள எளிய இளைஞன் என்னும் அதன் கதைமாந்தர் வகைகள் இதழ்வாசகர் நன்கு அறிந்தவையே.

பன்மொழிப் பதிப்பு இவ்வடிவத்தை மேலும் இறுக்கமாக்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது பழவேற்காட்டு ஏரி இரு மாநிலங்களுக்கும் உரியதாயிற்று. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் அந்நீர்ப்பரப்பை நிருவாக எல்லை கடந்து சென்றது. இதழோ பிரியவில்லை. கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம் என அது விரிந்தது. ஒரே கதையும் ஒரே படமும் பல மொழிகளுக்குப் பயன்பட்டதால் செலவு பகிரப்பட்டது. அதற்கேற்பக் கதைக்களம் எந்நாட்டுக்கும் பொருந்தும் பெயரளவிலான நாடாயிற்று. பழவேற்காட்டு மீனவர் ஊர்கள் போன்ற குறிப்பிட்ட நிலமும் தொழிலும் வழக்காறும் அக்கதைகளில் தம் அடையாளத்தோடு இடம்பெறுதல் அரிதாயிற்று. எல்லாரும் படிக்கத்தக்க கதை, எவருடைய ஊரையும் சாராத கதையாக அமைய வேண்டியிருந்தது.

இவ்வணிக வெற்றிக்கு எழுத்தாளரும் விலை கொடுத்தனர். 1952 முதல் ஆசிரியப் பொறுப்பிலிருந்த கொடவடிகண்டி குடும்பராவ் தெலுங்கின் முதன்மையான புனைகதையாளர். எனினும் இதழின் சீரான எளிய நடைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு மறைந்தே நின்றது. சுப்பிரமணியத்தின் தொடர்களும் அவர் பெயரின்றியே வெளிவந்தன. வாய்மொழிக் கதைக்கு ஆசிரியர் பெயர் இல்லாமை மரபு சார்ந்தது. இதழ்க்கதைக்கு அது பதிப்புக் கொள்கை சார்ந்தது. தோற்றத்தில் ஒத்திருப்பினும் இவையிரண்டும் ஒன்றல்ல.

சக்கரபாணி 1975இல் மறைந்தார். அவருக்குப் பின்னரும் இதழ் பல்லாண்டுகள் தொடர்ந்தமை அவர் அமைத்த வடிவத்தின் உறுதிக்குச் சான்றாகும். மாயக்கதை வகைமையின் வரலாற்றைக் கதைகளின் மூலத்தைக் கொண்டு மட்டும் எழுத இயலாது. அச்சகம், மாதத் தவணை, பன்மொழிச் சந்தை ஆகியவற்றையும், அவற்றுக்காகத் தம் பெயரை இழந்து எழுதியோரையும் உள்ளடக்கும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.