தியோடோர் பல்சமோன்

மாணவர்களே, 1453இல் துருக்கியரிடம் வீழ்ந்த கொன்ஸ்தாந்திநோபிளை அறிவீர்கள். அந்நகரில் 12ஆம் நூற்றாண்டில் பிறந்தவரே திருச்சபைச் சட்ட அறிஞர் பல்சமோன். பழைய சட்டங்களில் எவை செல்லும் என்ற குழப்பம் அக்காலத்தில் நிலவியது. எனவே பேரரசர் முதலாம் மனுவேலும் பிதாப்பிதா (தலைமை ஆயர்) மூன்றாம் மிக்கேலும் விளக்கவுரை எழுதும்படி இவரைப் பணித்தனர். 'பசிலிக்கா' தொகுப்பில் இடம்பெறாத ஜஸ்டினியன் சட்டங்கள் செல்லாது என இவர் விளக்கினார்.

பின்னர் அந்தியோக்கியாவின் பிதாப்பிதாவானார். பெயரளவில்தான் என்பதைக் கவனியுங்கள்! 1098 முதல் அந்நகர் சிலுவை வீரர் வசமிருந்ததால் இவர் தலைநகரிலேயே வசித்தார்.

பிதாப்பிதா ஒருவரை வேறு நகருக்கு மாற்றச் சட்டம் இடமளிக்குமா எனப் பேரரசர் இரண்டாம் ஐசாக் இவரிடம் வினவினார். தலைநகர்ப் பதவி தமக்கே கிடைக்கும் என நம்பிய பல்சமோன், இடமுண்டு என்றார். இதனை வரலாற்றாசிரியர் நிக்கெட்டாஸ் கொனியாட்டஸ் குறிப்பிடுகிறார். பேரரசரோ அந்தத் தீர்ப்பைக் கொண்டே எருசலேம் பிதாப்பிதா தொசித்தேயுவை அப்பதவியில் அமர்த்தினார்.