மழை கழுவித் தந்த கனியம்: ஆனந்த குமாரசுவாமி என்ற அளவையாளர்

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராசர் பற்றிய கட்டுரையும் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவருடைய முதல் உத்தியோகம் கல்லோடும் மண்ணோடும் இருந்தது. முல்லைத்தீவின் கொக்கிளாய்க் கரையோரக் கனிய மணல் பற்றித் தகவல் தேடியபோதுதான் நானும் அந்தக் குமாரசுவாமியைக் கவனித்து வாசிக்கத் தொடங்கினேன்.

1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி; தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் பெற்றார். 1903இல், இலங்கைக் கனியவியல் அளவையின் முதல் பணிப்பாளராகப் பொறுப்பேற்றார்.

அளவை வேலையைக் கந்தோரில் இருந்து முடிக்க முடியாது. அதன் நாட்காட்டியை எழுதுவது மழை. சப்பிரகமுவவில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் ஆறுகள் பெருகும். மாணிக்கக் குழிகளில் நீர் நிறையும். வன்னியில் இது தலைகீழ். ஐப்பசி முதல் மார்கழி வரை குளங்கள் வான் பாயும், காட்டுப் பாதைகளில் வண்டில் புதையும். சோளகம் வீசும் மாதங்களில்தான் இங்கே களவேலை நடக்கும். இன்று உழவு இயந்திரமும் ஜீப்பும் வந்துவிட்டன. சேற்றின் குணம் மாறவில்லை.

ஆனால் மழையை வெறும் தடையாகப் பார்த்தால் பாதிக் கதை தவறிவிடும். 1904இல் குமாரசுவாமியின் பெயரோடு சேர்ந்த தோரியனைட், பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுச் சரளையில் கிடைத்த கறுப்பு நிறப் பாரமான கனியம். அதை அவர் முதலில் யுரேனியக் கனியம் என்றே எண்ணினார். லண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் நடந்த சோதனைதான் அது பெரும்பாலும் தோரியம் கொண்ட புதிய கனியம் எனக் காட்டியது. பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் படித்தவர்களுக்கு மன்டில் தெரியும். அக்காலத்தில் தோரியத்துக்கு இருந்த பெரும் தேவை அந்த மன்டிலுக்காகத்தான். மலைப்பாறையை அரித்து, பாரமானதைச் சரளையில் தங்கவிட்டது ஆண்டாண்டாகப் பெய்த மழையே.

கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டையிலும் அதே வேலைதான் நடக்கிறது. உள்நாட்டுப் பாறைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவரும் இல்மனைட்டை, வாடைக் காலத்து அலைகள் பிரித்துக் கரையில் சேர்க்கின்றன. அகழ்பவரை நிறுத்தி வைக்கும் பருவமே அகழும் பொருளையும் தருகிறது.

வாடை ஓய்ந்ததும் கரைக்கு வருவது அகழ்வு இயந்திரம் மட்டுமல்ல. கரைவலைக்காரரும் வாடி போட்டுப் பாடு இழுப்பது கடல் அமைதியான அதே மாதங்களில்தான். ஒரே கரை, ஒரே பருவம், இரண்டு தொழில். கொக்கிளாயில் மக்கள் கனிய மணல் அகழ்வை எதிர்ப்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

குமாரசுவாமி நிலத்துக்கு அடியில் உள்ளதை மட்டும் குறித்துக்கொண்டு போகவில்லை. அளவைக்காக ஊர் ஊராகச் சென்றபோது, இறக்குமதிப் பொருட்களால் நலிந்துகொண்டிருந்த கண்டிக் கிராமத்துக் கைவினைஞரையும் கண்டார். மனைவி எதெல் படம் பிடித்தார். இவர் அவர்களது தொழிலை விசாரித்து எழுதினார். 1906இல் பதவியை விட்டபின், அந்தத் தேடல் 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை என்ற நூலாக நிறைவடைந்தது. 1917இல் பொஸ்டன் நூதனசாலையில் சேர்ந்தார். 1947 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவில் காலமானார்.

கனியம் தேடப் போனவர் மனிதரின் தொழிலையும் பதிவு செய்தார் என்பதே எனக்கு இதில் முக்கியம். வன்னிக் கரையில் இனிச் செய்யப்படும் எந்தச் சூழல் தாக்க மதிப்பீட்டிலும், எத்தனை தொன் மணல் என்ற கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் வேண்டும்: எந்த மாதத்தில், எந்தப் பாட்டில், எத்தனை குடும்பங்கள் வலை இழுக்கின்றன? அதைச் சோளக காலத்தில் கரைக்கு வந்து அந்த மக்களிடமே கேட்டு எழுத வேண்டும்.