இரண்டாம் இடத்தில் நின்ற தொண்டர்: எட் மெக்மான்

நாதசுவரம் வாசிக்கும் வித்துவானை ஊரார் அறிவர். அவரருகே ஒரே சுருதியை இடையறாது ஊதிக்கொண்டிருக்கும் ஒத்துக்காரரின் பெயரைக் கேட்பார் இல்லை. ஒத்து ஊதுதல் என்பது உலக வழக்கில் ஏளனச் சொல்லாகவும் ஆகிவிட்டது. ஆயினும் அந்தச் சுருதி நின்றுவிட்டால் இசை நிலைகொள்ளாது. அறப்பணிகளும் இத்தகையனவே. முன்னே நிற்பவர் ஒருவராயின், அவர் தளராவண்ணம் தோள் கொடுப்பவர் வேறொருவர். அவ்வாறு முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு நண்பரின் அறப்பணிக்குச் சுருதியாய் நின்றவர் அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் எட் மெக்மான்.

1923ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் பிறந்த மெக்மான், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் என்னும் ஆலை நகரில் வளர்ந்தார். இளமையிலேயே அறிவிப்பாளராக வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பாட்டியின் வீட்டு முன்னறையில் கைவிளக்கு ஒன்றையே ஒலிவாங்கியாகக் கொண்டு அவர் பேசிப் பழகினார். பதினைந்து வயதில் பிங்கோ ஆட்டத்தில் எண்களைக் கூவி அறிவிக்கும் வேலை கிடைத்தது. பின்னாளில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைமேடையில் காய்கறி நறுக்கும் கருவிகளைக் கூவி விற்றார். குரலே அவருக்கு முதலாக அமைந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைப் பிரிவான மரின் படையில் சேர்ந்து, விமானிகளுக்குப் பயிற்சி அளித்தார். போர் முடிந்தபின் வாஷிங்டனிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1949இல் பட்டம் பெற்றார். கொரியப் போர் மூண்டபோது மீண்டும் அழைக்கப்பட்டார். ஆயுதம் தாங்காத சிறு கண்காணிப்பு விமானத்தில் 85 முறை போர்க்களத்தின்மீது பறந்து திரும்பினார்.

1962 அக்டோபர் 1 முதல் 1992 மே 22 வரை, ஜானி கார்சன் நடத்திய புகழ்பெற்ற இரவு நிகழ்ச்சியில் மெக்மான் துணைவராக வீற்றிருந்தார். கார்சனை மேடைக்கு அழைப்பதும், அவருடைய நகைச்சுவைக்கு மனம்விட்டுச் சிரிப்பதும், உரையாடலைத் தொய்வின்றிக் கொண்டுசெல்ல உதவுவதும் அவர் பணியாக இருந்தன. முப்பது ஆண்டுகள் இரண்டாம் இருக்கையில் அமர்ந்தவர், முதல் இருக்கைமீது கண் வைக்கவில்லை.

இந்தப் பண்பே மற்றொரு பெரும்பணிக்கும் அவரைத் தகுதியாக்கியது. நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ், தசைச் சிதைவு நோயால் வாடுவோருக்காக 1950களின் தொடக்கத்திலிருந்தே நிதி திரட்டி வந்தார். உடலின் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் கொடிய நோய் இது. குழந்தைகளை நடக்கவியலாதவர்களாக்கி, சிலரை இளமையிலேயே பலிகொள்வது. 1966ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையையொட்டி நியூயார்க்கிலிருந்து லூயிஸ் ஒரு நெடிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தினார். பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. அது முதல் ஆண்டுதோறும் அந்நிகழ்ச்சி நடைபெற்றது. நாடெங்குமுள்ள நிலையங்கள் ஒவ்வொன்றாக இணைந்தன.

1973இல் நிகழ்ச்சி லாஸ் வேகஸ் நகருக்கு மாறியது. அவ்வாண்டு முதல் 2008 வரை லூயிஸின் அருகே மெக்மான் நின்றார். ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் மாலை வரை, இருபது மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒளிபரப்பு அது. பாடகர்களும் நடிகர்களும் வந்து போவர், இவ்விருவரும் நிலைத்திருப்பர். இரவு முழுதும் கண்விழித்த லூயிஸின் குரல் கம்மும், உடல் சோரும். அவ்வேளைகளில் மெக்மானின் கணீரென்ற குரல் நிகழ்ச்சியைத் தாங்கியது. அவர் அறிவிக்க, முரசு அதிரும்; பலகையிலுள்ள எண்கள் மாறும்; புதிய தொகை தோன்றும். இறுதியில் லூயிஸ் கண்ணீர் மல்கப் பாடி விடைபெறுவார். ஆண்டுக்கொரு முறை கூடி, ஒரே சுமையை இருவர் சுமந்ததால் முதிர்ந்த நட்பு அது.

இந்நிகழ்ச்சிக்கு எதிர்ப்பும் எழாமலில்லை. உடற்குறையுள்ளோரை இரக்கத்துக்குரியவர்களாக மட்டுமே காட்டுகிறது என்று அவர்களுள் சிலரே 1990களில் கண்டித்தனர். கொடையிலும் பெறுபவரின் மதிப்பைக் காக்க வேண்டும் என்பதை அக்கண்டனம் உணர்த்தியது. அதே வேளையில், திரண்ட நிதி வீண்போகவில்லை என்பதும் உண்மை. இந்நோயின் கடுமையான வகைக்குக் காரணமான மரபணுவை 1986இல் அறிஞர்கள் கண்டறிந்தனர். அந்த ஆய்வுக்கு இச்சங்கத்தின் நிதி துணைநின்றது.

முதுமை மெக்மானைக் கடுமையாகச் சோதித்தது. 2007இல் கீழே விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. 2008இல் கடன் தவணை செலுத்த இயலாமல், குடியிருந்த வீடே கைநழுவும் நிலை வந்தது; அச்செய்தி நாடெங்கும் பரவியது. கோடிக்கணக்கான டாலரைப் பிறருக்காகக் கேட்டு வாங்கித் தந்தவர், தமக்கென வந்த நெருக்கடியை ஊரறிய எதிர்கொள்ள நேர்ந்தது. மானமுள்ள எவரும் அவ்வேளையில் மக்கள் முன் வரத் தயங்குவர். மெக்மான் தயங்கவில்லை. அவ்வாண்டும் நண்பரின் நிகழ்ச்சியில் பங்கேற்றார். ஆறரைக் கோடி டாலர் சேர்ந்தது. நிகழ்ச்சியின் வரலாற்றிலேயே உயர்ந்த தொகை அதுவே.

அதுவே அவருக்குக் கடைசி நிகழ்ச்சியும் ஆயிற்று. 2009 ஜூன் 23ஆம் நாள், 86ஆம் வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் மறைந்தார். லூயிஸ் 2010 வரை மட்டுமே நிகழ்ச்சியை நடத்தினார். தொழிலாளர் தின ஒளிபரப்பு 2014உடன் முடிவுற்றது. 2017 ஆகஸ்டு 20இல் லூயிஸும் காலமானார்.

அறப்பணியைத் தொடங்குவோர் பலர். பெயர் வேண்டாது, இடம் வேண்டாது, ஆண்டுதோறும் தவறாது வந்து நிற்போர் சிலரே. செல்வம் இருந்தபோதும், அது கரைந்தபோதும் ஒரே இடத்தில் நின்ற எட் மெக்மான் அச்சிலருள் ஒருவர். தொண்டில் இரண்டாம் இடம் தாழ்ந்த இடமன்று என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.